திறப்பு

குருநகர் ஐஸ் ஆலை, கூட்ட அறை.
மேசையில் ஒரு பெட்டி, உள்ளே ஆறு நண்டு,
முந்தநாள் பிடிபட்டவை.
"ஒரு துண்டு ஐசும் போடேல்லை" என்றாள் மெரிஸ்ரெலா.
ஒன்று கொடுக்கை விரித்தது.
சேர்மன் விரலை இழுத்துக்கொண்டார்.

ஐம்பத்தெட்டு வருசம்
உருகுவதை விற்றே நிமிர்ந்த கம்பனி.

"வெளியாளின்ர மூளைக்கு எங்கட காசோ?"
"எங்கட மூளைதான் ஐசுக்குள்ள கிடக்குதே."
யார் சொன்னதென்று கூட்டக்குறிப்பில் இல்லை.

நான் கணக்காளன். கணக்கை வாசித்தேன்:
பெட்டி வென்றால்
கொழும்பு லொறிகளுக்கு ஐஸ் பாதியும் வேண்டாம்.
தோற்றால் முப்பது லட்சம் கடலோடு.
"மற்றவன் வாங்கினால்?" என்றார் சேர்மன்.
அந்த வரி என் தாளில் இல்லை.

நூற்றுக்கு இருபது பங்கு என்று முடிந்தது.
பேனையை வாங்கியவள்
கையெழுத்துக்கு முதல் கேட்டாள்:
"ஆலைத் திறப்பொன்றும் வேணும்.
இரவிலதான் எனக்கு வேலை ஓடும்."

காசுக்கு ஒரு மணித்தியாலம் பேசியவர்கள்
திறப்புக்கு மூன்று மணித்தியாலம் பேசினார்கள்.

இப்போது அவளிடம் ஒன்று இருக்கிறது.
முப்பது லட்சத்துக்குப் பேரேட்டில் இடம் கண்டேன்.
திறப்பை எந்தப் பக்கம் எழுத,
வரவிலா, செலவிலா?

அந்த ஆறு நண்டும்
காவலாளி வீட்டுக் கறியில்
கணக்கில்லாமல் போயின.