கொம்பு நழுவிய ஏழு நிமிடம்

மாலை ஐந்து ஐம்பத்திரண்டு.
கசானில் மார்ச் மாதப் பனி
சேறாகவும் மனமில்லாமல் நீராகவும் மனமில்லாமல்
காலணிக்குள் வந்து உட்காரும் பருவம்.
பதினேழாம் நோன்பு.

பாலத்துக்கு முந்திய வளைவில்
எங்கள் டிராலிபஸ்ஸின் கொம்பு
மின்கம்பியை விட்டு நழுவியது.
விளக்கு செத்தது.
சூடேற்றி ஒருமுறை முனகி அடங்கியது.
"மறுபடியுமா" என்றபடி
ஓட்டுநர் கென்னாடி கையுறை மாட்டிக்கொண்டு இறங்கினார்,
கயிற்றைப் பிடித்து இழுக்க.

நான் நடத்துநர். பெயர் ஃபென்சிலா.
பகலெல்லாம் என் பிழைப்பு கை நீட்டுவது.

சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது.
நோன்பு திறப்பதை எங்கள் தாத்தார் மொழியில்
வாய் திறத்தல் என்போம்.
டிக்கெட் தூள் ஒட்டிய பேரீச்சம்பழத்தைக்
கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
இருட்டில் கையேந்தினேன்.

மனப்பாடமான அரபிச் சொற்கள் முதலில் வந்தன,
வரிசை தவறாத பயணிகளைப்போல.
ஒவ்வொன்றாய் ஏறின. ஒவ்வொன்றாய் இறங்கின.
நான் மட்டும் நின்றுகொண்டே இருந்தேன்.

அப்புறம்தான் வாய் திறந்தது,
அடுப்படித் தாத்தாரில்:

இறைவா,
பதினாறு நாளாய் உன்னிடம் சுற்றிவளைத்தேன்.
முழங்கால் வலி என்றேன், வீட்டுக் கடன் என்றேன்.
தங்கை ரேசேதாவுக்கு நீண்ட ஆயுள் கேட்டேன்;
அவள் பெயர் வரும் இடத்தை மட்டும்
வேகமாய்க் கடந்தேன்.
நீ கவனித்திருப்பாய்.

அம்மாவின் கடைசி இரவில்
அவள் வாயில் இருந்தது ஒரே பெயர்.
ரேசேதா, ரேசேதா.
பதினோரு முறை. நான் எண்ணினேன்.
ஆறு வருடம் படுக்கை மாற்றியவள் நான்.
செல்னியிலிருந்து விடிந்த பின் வந்து சேர்ந்தவளிடம்
"யார் பெயரையும் சொல்லவில்லை" என்றேன்.
அவள் தலையசைத்தாள்.
அதற்குப் பிறகு
அந்த வீட்டில் அவள் தேநீர்கூடக் குடித்ததில்லை.

என்னை மன்னி என்று தொடங்கினேன்.
பாதியில் நாக்கு நின்றது.
மனிதருக்குச் செய்ததை
அந்த மனிதரிடம்தான் தீர்க்க வேண்டும்,
உன் கணக்கு எனக்குத் தெரியாததல்ல.
அதனால் சின்னதாய்க் கேட்டேன்:
அவள் திட்டும்போது
நடுவில் புகுந்து
அந்த ஆறு வருடத்தை நான் எடுத்து நீட்டாதிருக்க வேண்டும்.
அவ்வளவுதான்.
இல்லை, இன்னொன்று:
அவள் அழுதால்
எனக்கு உள்ளூர இனிக்காதிருக்க வேண்டும்.

இதைச் சொல்லி முடித்தபோது வெட்கமாக இருந்தது.
அப்போது உள்ளங்கையில் சில்லென்று ஏதோ விழுந்தது.

நாணயங்கள்.

எங்கள் ஊரில் காசு கொடுத்து
"எனக்காக துஆ கேளுங்கள்" என்பது வழக்கம்.
இருட்டில் யாருக்கு என் முணுமுணுப்பு கேட்டது என்று
உடம்பு சிலிர்த்தது.
"டிக்கெட்டுக்குத்தான் அக்கா,
கை நீட்டினீர்களே" என்றது ஒரு குரல்.

வெளியே கென்னாடி ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார்,
மேலே ஒரு நீலப்பொறி,
விளக்குகள் துள்ளி எழுந்தன.
ஹாக்கி மட்டையும் வியர்வை வாடையுமாய் ஒரு பையன்.
டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன்.
"உன் பெயர்?"
"ராதிக். ஏன்?"
"துஆவில் சேர்த்துக்கொள்ள."
கொஞ்சம் யோசித்தான்.
சிரிக்கவில்லை.
"சனிக்கிழமை ஆட்டம் இருக்கிறது" என்றான்.

எவ்வளவு நேராகக் கேட்கிறான் பார், இறைவா.
எனக்குப் பதினாறு நாள் ஆயிற்று.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள்.
செல்னியில் எங்களுக்கு முன்பே சூரியன் விழும்.
அவள் சூப் குடித்து முடித்திருப்பாள்.
திட்டுவதற்கு வாய் காலியாக இருக்கும்.
கொட்டை இன்னும் என் கன்னத்தில்.
அதைத் துப்பாமலே
எண்ணை அழுத்தினேன்.