சுழலாத புள்ளி

முழங்கால்கள் மூன்று திரும்பி வந்திருந்தன.
கோபால்ட் குரோம்; ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும்.
பெட்டியில் சிவப்புச் சீட்டு:
வளைவின் உச்சியில் வரி விழுந்திருக்கிறது.
கோல்தோ ஒன்றை எடுத்து விளக்கடியில் திருப்பினான்,
கள்ளக்காசைத் திருப்பிப் பார்க்கும் கடைக்காரன் மாதிரி.

வெளியே சிரிமிரி.
எல்கோய்பாரில் அந்த மழைக்கு அதுதான் பெயர்,
நனைப்பதா வேண்டாமா என்று
இன்னும் தீர்மானிக்காத மழைக்கு.

நிரல் என்னுடையது.
ஆறு மில்லிமீட்டர் உருண்டைமுனை வெட்டியை
நட்டுக்குத்தாக நிறுத்தியிருந்தேன்.
ஏன் என்று கேட்டிருந்தால்
பதில் இருந்திருக்காது.
நேராக நின்றால் நேராக வெட்டும் என்ற நினைப்பு.

நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று.
ஆனால் உருண்டையின் அடிநுனியில்,
அச்சு வந்து முடிகிற இடத்தில்,
வேகம் பூஜ்யம்.
பம்பரத்தின் வயிறு காற்றை அறைகிறது,
ஆணி நின்ற இடத்தைக் குடைகிறது.
அந்த ஆணியால்தான்
யாரோ ஒருவரின் முழங்காலை
நாற்பத்தொரு நிமிடம் தேய்த்திருக்கிறேன்.
வெட்டவே இல்லை.
உலோகத்தை நசுக்கி, ஒதுக்கி,
மழுப்பிவிட்டு நகர்ந்திருக்கிறது.

இரவு ஷிப்டில் ஐட்சிபெர்.
ஒரு காதடைப்பை மட்டும் கழற்றி
"சாய்" என்றாள்.
எவ்வளவு?
கையிலிருந்த காபிக் கோப்பையைச் சரித்துக் காட்டினாள்,
சிந்துவதற்குச் சற்று முந்தைய அளவு.

ஐந்து டிகிரியில் முனகல் குறைந்தது.
பன்னிரண்டில் குரலே வேறு.
புதுத்துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போல.
இப்போது வெட்டுவது நுனி இல்லை, இடுப்பு;
இடுப்புக்கு வேகம் உண்டு.
துகள்கள் காற்புள்ளிகளாகத் தெறித்தன.
ஊட்டத்தைக் கூட்டினோம்.
நாற்பத்தொன்று இருபத்தொன்பது ஆயிற்று.

காலையில் அர்ரியேத்தா வந்து
இருபத்தொன்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"முப்பது டிகிரி சாய்த்தால்?"
முதலாளிக்குச் சாய்வும் வட்டியும் ஒன்று.
சாய்த்தோம்.
மெலிந்த கழுத்து வளைந்தது,
மீன்செதிலாய் அதிர்வு பதிந்தது,
வெட்டியைப் பிடித்திருந்த தலை
கவ்விக்கு ஒரு மயிரிழை தூரத்தில் வந்து நிற்க
ஐட்சிபெர் சிவப்புப் பொத்தானை அறைந்தாள்.
அவர் கோட்டை மாட்டிக்கொண்டு
வங்கிக்குப் போனார்.

பன்னிரண்டுக்கே திரும்பினோம்.
ஆனால் இரு குமிழ்களுக்கு நடுவே, அந்தப் பள்ளத்தில்,
சாய்வு இந்தப் பக்கமிருந்து
அந்தப் பக்கம் மாற வேண்டும்.
மாறும்போது ஒரு கணம் வெட்டி நிமிரும்.
நிமிர்ந்த கணத்தில் மேசைக்குத் திசை கிடையாது:
எப்படித் திரும்பினாலும் சரி,
எப்படித் திரும்பினாலும் தவறு.
பதறிப்போய் அரைவட்டம் சுழன்றது.
அது முடியும்வரை வெட்டி காத்திருந்தது.
காத்திருந்த இடத்தில் ஒரு புள்ளி,
பல்லி எச்சம் அளவு.

அந்தப் புள்ளிக்கு இரண்டு இரவுகள் போயின.
எத்தனை மெதுவாகக் கடந்தாலும் விழுந்தது.
கடைசியில், கடக்காமல் விட்டேன்.
வாசலில் படுத்திருக்கும் நாயைச் சுற்றிப்போவது போல
செங்குத்தைச் சுற்றிப் பாதை போட்டேன்,
எந்தப் பக்கம் போனாலும்
பன்னிரண்டு குறையாமல்.
மேசை சோம்பலாகத் திரும்பியது.
கொஞ்சம் நீளமான வழி. முப்பத்தொரு நிமிடம்.
அர்ரியேத்தாவிடம் நான் சொல்லவில்லை,
அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

அளவு அறையில் ஊசி ஊர்ந்தது:
பூஜ்யம் புள்ளி மூன்று மைக்ரான்.
எண்ணை நம்பாத கோல்தோ
பெருவிரல் நகத்தால் ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.
சிக்கவில்லை.
தாளில் கையெழுத்துப் போட்டு,
இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.

இனி மெருகேற்றுபவர்கள் கையில்.
பிறகு ஏதோ ஊரில் யாரோ ஒருவர்
அதை மடக்கிப் படியிறங்குவார்.
ஒரு நாளைக்கு எத்தனை முறை முழங்கால் மடங்குகிறது என்று
எண்ணத் தொடங்கி,
சாப்பாட்டு மணி அடிக்க, விட்டுவிட்டேன்.

திரும்பி வந்த மூன்றில் ஒன்று
என் மேசையில் தாள்களை அழுத்திக்கொண்டிருக்கிறது.
போனில் பேசும்போது கை தானாக அதன்மேல் போகிறது.
உச்சியில், அந்த இடத்தில்,
நகம் இன்னும் சிக்குகிறது.