இரண்டு அங்குலம்

சமையலறை அலமாரிக்கென்று வைத்திருந்த பணம்
நான்கு டயராகவும் நான்கு ரிம்மாகவும்
செகாம்புட் பட்டறையின் ஈரத் தரையில்
படுத்துக் கிடக்கிறது.
ஐந்தாவது, ஸ்பேர்,
அடுத்த மாதச் சம்பளத்தில்.

போர்மன் ஆ கியோங் அதிகம் பேசமாட்டார்.
பழைய டயரின் உள்விளிம்பில்
கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார்.
கழற்றிப் போட்ட பட்டை வில்களைக்
காலால் தள்ளிப் பார்த்தார்.
வளைவை மறந்து
தோசைத் திருப்பி போல நேராகிவிட்டிருந்தன.
"முன்னாடி வெச்சிருந்தவன் சிமெண்டு ஏத்தியிருக்கான்."
ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பேன் அக்கா என்று
என்னிடம் இந்த ஹைலக்ஸை விற்றவன்
சத்தியம் செய்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்று
எண்ணெயாய் வியர்த்திருந்தது.
அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன்.
எழுந்து வரவில்லை.
திங்கட்கிழமைகளில் நானும் அப்படித்தான்.

இரண்டு அங்குலம் தூக்கினால் போதும்,
அதற்கு மேல் புஸ்பாகோமில்
நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள்.
ரிம் மட்கார்டைத் தாண்டிப் பிதுங்கக் கூடாது.
ஸ்டீரிங்கை முழுதாய் ஒடித்தால்
டயர் எங்கும் உரசக் கூடாது.

உரசியது.

பட்டறைப் பையன் தனேஷ்வரன்
சூட்டுக் காற்றைப் பீய்ச்சி
உள் பிளாஸ்டிக்கை இளக்கி
கையுறையோடு உள்ளங்கையால் அமுக்கினான்.
ஒடித்தேன்.
இன்னும் கொஞ்சம் என்றேன்.
மறுபடி அமுக்கினான்.
மறுபடி ஒடித்தேன்.
இடம் விட்டது.

முதல் சேறு உலு லங்காட்டில் என்று நினைத்திருந்தேன்.
ஆற்றை எங்கே இறங்கிக் கடப்பது,
எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம் என்று
படம் போட்டு வைத்திருந்தேன்.
நாலரைக்கு ஜாலான் ஈப்போவில் வானம் உடைந்தது.
சிக்னல் விளக்கின் சிவப்பு
தண்ணீரில் நீளமாய் அலைந்தது.
நடுவில் ஒரு மைவி, விளக்குகள் சிமிட்டியபடி.
உள்ளே சட்டையை டக் செய்த ஒருவர்
சப்பாத்தைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முழங்கால் ஆழத்தில் இறங்கிக்
கயிற்றுப் பட்டையை மாட்டினேன்.
புது வில் ஒரு முறை முனகியது.
அவ்வளவுதான்,
எண்ணெய்க் கடை மேடு வரைக்கும்
மைவி பின்னாலேயே வந்தது.
நனைந்த பர்ஸைத் திறந்தபடி அவர்
எவ்வளவு என்று கேட்டார்.
காலையிலிருந்து அதையே கூட்டிக்கொண்டிருந்த வாய்
ஒன்பதாயிரத்து அறுநூறு என்றது.
அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான்
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவர் சிரிக்க நேரமானது.

செந்தூல் அடுக்குமாடி.
பார்க்கிங் வாசலில் தொங்கும் இரும்புக் கம்பி
கூரை ரேக்கைத் தொட்டு
டிங் என்றது.
பின்னால் மூன்று கார்கள், மூன்று ஹார்ன்கள்.
யுகேந்திரன் கீழே இறங்கி வந்தான்,
அலமாரிக்குச் சுவரை அளந்த
அதே அளவு நாடாவோடு.
பம்பர் மேல் ஏறி அளந்தான்.
இரண்டு சென்டிமீட்டர், என்றான்.
திட்டுவான் என்று காத்திருந்தேன்.
"மணல்ல போறதுக்குக் காத்து இறக்குவீங்கல்ல?"

நான்கு சக்கரத்திடமும்
ஆளுக்கு இரண்டாய்க் குந்தி உட்கார்ந்து
காற்றை விட்டோம்.
ஸ்ஸ்ஸ் என்று நீளமாய், நிதானமாய்.
ஹார்ன் அடித்தவர்களில் ஒருவர் இறங்கி வந்து
பதினைந்துக்குக் கீழே போகாதீங்க என்றார்.
வண்டி தொப்பை போட்டுத் தாழ்ந்து
கம்பிக்கடியில் நுழைந்தது.
இடையில் ஒரு காகிதம் நுழையும் அளவு வெளி.

நாளை இப்படியே நசுங்கிய காலோடு வெளியே வந்து
வாசலைத் தாண்டித்தான் காற்றடிக்க வேண்டும்.
தினமுமா என்று அவன் கேட்கவில்லை.
டயரில் புதிதாய் நீட்டிக்கொண்டிருந்த
ரப்பர் மயிர்களை
ஒவ்வொன்றாய்ப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

பெரிய டயர் மாட்டியதில் இனி
மீட்டர் நூறு காட்டும்போது
நூற்றேழில் போய்க்கொண்டிருப்போம்.
அதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.
மேலே, சமையலறைச் சுவரில்
அவன் பென்சிலால் போட்ட கோடுகள் இருக்கின்றன.
அதற்கு நேர் கீழே, தரையில், குக்கர்.