காட்டுப்பன்றிக்குப் பொத்தான் இல்லை

காலை ஏழு மணி. மடக்கு நாற்காலி.
மடியில் பலகை, பலகையில் நான்கு எண்ணிகள்:
கார், லாரி, சைக்கிள், நடப்பவர்.
நாள்கூலி ஒன்பதாயிரம் யென்.
மதியச் சோறு நம்முடையது.

பாலம் ஆயிரத்து நூறு மீட்டர்.
அந்தக் கரையில் முகுஜிமா,
அதில் இன்றைக்குப் பதினொரு பேர்.
ஆளுக்கு நூறு மீட்டர் என்று வகுத்துப் பார்த்தேன்.
வேறென்ன செய்ய?

ஏழு நாற்பது. தபால் வண்டி. டிக்.
எட்டே கால். மருந்துக்கடைக்குப் போகும் ஹருயோ. டிக்.
பிறகு கடல்.
பிறகும் கடல்.

பாலத்தின் வாயிலில் ஒரு கல்,
அதில் குரோமிசு அவர்கள் தூரிகையால் எழுதியதைச்
செதுக்கி வைத்திருக்கிறார்கள்: கனவுப் பாலம்.
எழுத்து அழகு. அதைக் குறை சொல்ல மாட்டேன்.
ஏழு முறை நாடாளுமன்றம் போனவர்.
தோக்கியோவில் பெய்ய வேண்டிய மழையை
இந்தக் கரைக்கு ஓட்டி வந்தவர்.
எந்த வயல் காய்ந்தது என்று
நனைந்தவர்கள் கேட்பதில்லை.

நானும் நனைந்தவள்தான்.
ஆறு வருஷம் என் கணவர்
இந்தத் தூண்களுக்குக் கம்பி கட்டினார்.
அந்தக் கம்பியைப் பிடித்து ஏறி
மகன் பல் மருத்துவன் ஆனான்.
ஒசாகாவில் இருக்கிறான்.
வாக்குச்சீட்டில் பென்சிலால் பெயர் எழுத வேண்டும் எங்களுக்கு.
குரோமிசு என்று
ஒரு கோடு பிசகாமல் எழுதியிருக்கிறேன், ஏழு முறையும்.

திறப்பு விழா அன்று தீவில் இருநூற்று அறுபது பேர்.
பள்ளிப் பிள்ளைகள் மேளம் அடித்தார்கள்.
அடுத்த மாதம் படகை நிறுத்தினார்கள்,
பாலம்தான் இருக்கிறதே.
பள்ளியை மூடினார்கள்,
பாலம்தான் இருக்கிறதே.
வாரம் இரண்டு நாள் வந்த மருத்துவரும்
அதையே சொன்னார்.
பிறகு லாரிகள் வந்தன.
குளிர்பெட்டி, மெத்தை,
துணியில் சுற்றிய முன்னோர் பீடம்.
அன்றைக்கு என்னை இங்கே உட்கார வைத்திருந்தால்
விரல் வீங்கியிருக்கும்.
வருவதற்கும் போவதற்கும் ஒரே பொத்தான்தான்.

யானை அசைந்து தின்னும்.
இது அசையாமல் தின்கிறது:
துரு சுரண்ட ஆள், பூச, பிறகு மறுபடி சுரண்ட.
நூற்று நாற்பது விளக்குகள்
இரவெல்லாம் நண்டுகளுக்கு எரிகின்றன.

பதினோரு மணிக்கு இதாகுரா வந்தான்.
கணக்கெடுக்கும் கம்பெனியின் பையன், நல்லவன்,
சூடான தேநீர் டப்பா கொடுத்தான்.
முகுஜிமாவிலிருந்து அடுத்த தீவுக்கு
இரண்டாவது பாலம் வரப்போகிறதாம்.
அந்தத் தீவில் மான்களும் ஒரு கலங்கரை விளக்கமும்.
என் எண்ணியைப் பார்த்தான்.
ஒன்பது.
"தளம் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று
காரில் போனான். டிக்.
வந்தான். டிக்.
மறுபடி போனான்.
மூன்றாவது தடவை
என் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் அசைத்தான்.
நானும் அழுத்திக்கொண்டிருந்தேன்.
கார் கார்தானே.

மூன்று இருபதுக்கு
ஒரு காட்டுப்பன்றி, பின்னால் மூன்று குட்டிகள்,
நடைபாதையில்,
வரி கட்டியவர்களைப் போல நிதானமாக
தீவைப் பார்க்கப் போயின.
நான்கு பொத்தான்களையும் பார்த்தேன்.
நடக்கத்தானே செய்கின்றன.
டிக். டிக். டிக்.
கடைசிக் குட்டி நின்று கல்லை முகர்ந்தது.
அது வரும்வரை காத்திருந்தேன்.
டிக்.

மார்ச் மாதத்துச் செய்தித்தாள்:
நடப்போர் எண்ணிக்கை உயர்ந்திருப்பதால்
நடைபாதையை அகலமாக்க முதல் கட்ட நிதி.
படத்தில் குரோமிசு அவர்கள்,
தலையில் மஞ்சள் தொப்பி.

இதாகுரா போன் செய்தான்.
கம்பி கட்ட ஆள் வேண்டுமாம்.
என் கணவருக்கு முழங்கால் போய்விட்டது.
அவனிடம் அதைச் சொல்லவில்லை.
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.