முழங்கால் காய்ப்பு

கொரிய மலையூர் தேபெக்கில்
கரித்தூசி பட்டுப் பனி கறுக்குமுன்,
நாலரை மணிக்கு,
ஓக்புன் தேவாலயம் போவாள்.

மூன்று வருடம் வீட்டுக்குத் துண்டுப்பிரசுரங்கள் வந்தன.
அவற்றால் மான்சிக் அடுப்பு மூட்டினான்.
போதகர் வந்தார்;
பார்லித் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தான்.

அவள் அவனிடம் ஒன்றும் சொன்னதில்லை.
சொன்னதெல்லாம் வேறிடத்தில்,
பலகைத் தரையில், அழுது, அடம்பிடித்து,
கடன்காரனைப் போல வாசலை மறித்து.

ஒரு விடுமுறை நாளில், வெந்நீர்த் தொட்டியருகே
அவள் முழங்காலைப் பார்த்தான்.
காய்ப்பு.
குனிந்தும் நிற்கமுடியாத கரிப்பொந்தில்
மண்டியிட்டே பதினோரு வருடம் வெட்டியவனுக்குத் தெரியும்
அது எத்தனை நாள் வேலையென்று.

“எதைத் தோண்டுகிறாய்?” என்றான்.

“உன்னை.”

மறுநாள் நாலரைக்கு
விளக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு
பின்னாலேயே வந்தான்,
வழி இருட்டு என்று சாக்குச் சொல்லி.