மூட்டை வைக்கும் இடம்

லாங்கு பஜாரில் எங்கள் கடைக்கு இரண்டு பக்கம்.
இடப்பக்கம் சாக்குகள்,
துவரை, கொள்ளு, காராமணி, மொச்சை.
வாய் திறந்தே கிடக்கும்.
போகிற வருகிறவர் கைவிட்டு அளைந்துவிட்டு
ஒன்றும் வாங்காமல் போகலாம்.
வலப்பக்கம் கண்ணாடி.
பாதாம், அக்ரூட், முந்திரி.
தொடுவதற்கு ஹயாத் பாயின் சாவி வேண்டும்.

மல்லாட்டை மூட்டையை எங்கே வைப்பதென்ற வழக்கு
பன்னிரண்டு வருடமாகத் தீரவில்லை.
காலையில் பாய் அதைக் கண்ணாடிப் பக்கம் தள்ளுவார்,
மத்தியானம் அவர் தொழுகைக்குப் போனதும்
நான் சாக்குப் பக்கம் இழுப்பேன்.
வெளிச்சத்தில் பூத்து
மண்ணுக்குள் இறங்கிக் காய்க்கிற பயிர்.
பிறப்பில் அவரைக்குப் பங்காளி,
கொழுப்பில் பாதாமுக்குச் சம்பந்தி.
இரண்டு வீட்டுப் பந்தியிலும்
அதற்கு இலை உண்டு.

நேற்று தேசம்மாள் வந்தாள்,
பள்ளிகொண்டா பஸ்ஸின் புழுதியோடு.
வீட்டுக்காரருக்கு வயிற்றில் ஆபரேஷன்.
தையல் ஆறப் புரதம் வேண்டுமென்று
ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதியிருந்தார்கள்:
பருப்பு அல்லது நட்ஸ்.
அந்த 'அல்லது'வின் மேல்
விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.
"இதுல எதுபா ஒசத்தி?"

பாக்கெட் முதுகுகளைப் படித்துப் படித்து
எனக்கு மனப்பாடம்.
நூறு கிராமுக்குப் பாதாமில் இருபத்தொன்று,
துவரையில் இருபத்திரண்டு,
முந்திரியில் பதினெட்டு,
மல்லாட்டையில் இருபத்தைந்து.
சுண்ணாம்புச் சத்தென்றால் பாதாம் முன்னே வரும்,
கொள்ளும் அதற்குக் குறைந்ததில்லை,
எண்ணெய்தான் அதில் இல்லை.
பரீட்சை ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தேன்.

தேசம்மாள் சிரித்தாள்.
"காஞ்ச பருப்புக்குச் சொல்றியே கணக்கு,
காஞ்ச பருப்ப யாரு மெல்றாங்க?
எங்க வூட்ல ஒரு டம்ளர் தொவர, ஏழு வாயி.
வெந்து எறங்கறதுக்குள்ள
அது குடிச்ச தண்ணி எவ்ளோ,
நான் ஊத்தன தண்ணி எவ்ளோ?
கரண்டிய அடி வரைக்கும் வுட்டாதான்
அவருக்குப் பருப்பு.
மேலாக்க மொண்டா மஞ்சத் தண்ணி.
அது எனுக்கு."

என் தராசுக்கு இது தெரியாது.
கால் கிலோ என்றால் கால் கிலோ,
அது யார் தட்டில் அடியாகும்
யார் தட்டில் தெளிவாகும்
என்று முள் காட்டுவதில்லை.

"அப்போ பாதாம் குடுக்கட்டா?
வேகவைக்க வேணாம், கரையாது, அப்படியே சேரும்."
கண்ணாடியைப் பார்த்தாள்.
விலைச் சீட்டைப் பார்த்தாள்.
"நாலு புள்ளைங்கபா.
பருப்புல தண்ணி ஊத்திக்கலாம்.
பாதாம்ல எங்கன்னு ஊத்தறது?"

மல்லாட்டை ஒரு கிலோ கட்டச் சொன்னாள்.
அவித்து எண்ணித் தரலாம், ஆளுக்கு ஒரு பிடி,
அவருக்கு மட்டும் இரண்டு.
கொள்ளு அரைக் கிலோ.
முடிச்சை அவிழ்த்துக் காசு எண்ணியவள்
கொஞ்சம் குரலைத் தாழ்த்தி,
"ஆறு பாதாம் குடு" என்றாள்.

ஆறா?

"பாக்க வர்றவங்க கேக்கறாங்களே,
பாதாம் கீதாம் குடுக்கிறியான்னு.
கட்டிலாண்ட கிண்ணத்துல கெடக்கட்டும்."

பாய் ஒன்றும் சொல்லாமல் சாவியைத் தந்தார்.
ஆறு பாதாம், ஏழு கிராம்.
ஒன்றரை கிராம் புரதம்,
மிச்சமெல்லாம் மாமியார் வீட்டாருக்குப் பதில்.
கொசுறாக ஒரு கைப்பிடி மல்லாட்டை அள்ளிப்போட்டேன்.
பாய் பேரேட்டில் ஏதோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

படியிறங்கிப் போனவள் திரும்பி வந்தாள்.
"ஏம்பா, கொள்ள ஊற வெச்ச தண்ணிய
கீழ ஊத்திடணும்னு நர்ஸு சொல்லிச்சி. நெசமாவா?"
நெசந்தான், ஊறின தண்ணியைக் கொட்டிடு,
வெந்த தண்ணியை ரசம் வை என்றேன்.
"அத்தச் சொல்லு" என்று மூச்சு விட்டவள்
திரும்புகிற அவசரத்தில்
நடைவழியில் கிடந்த மூட்டையில் கால் இடித்துக்கொண்டாள்.

"இத்த ஒரு பக்கமா வைங்களேம்பா!"

நானும் பாயும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.