ஒன்பது புள்ளி நான்கு

பதினேழு வருடம் ஊரார் ரத்தத்தை
ஊசியில் இழுத்து எண்ணாக்கித் தந்தவன்
லேபில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம்
என் கையையே கட்டிக் குத்திப் பார்த்தேன்.
மூன்று மாதக் கணக்கை மெஷின் ஒரே வரியில் சொன்னது:
ஒன்பது புள்ளி நான்கு.
மறுபடி போட்டேன். மெஷினுக்குத் தாட்சண்யம் இல்லை.

டானிங்டன் முக்கில்
பேக்கரி திறக்கும்போதே போய் நின்று
சட்டைப் பையில் வர்க்கி உதிர உதிர
பஸ் ஏறிய உடம்பு இது.
இனி இதை என்ன சொல்லி ஏமாற்ற?

டயட்டீஷியன் ஷெரின்,
அபர்தீனில் இரண்டு குளிர்காலம் படித்து வந்தவள்,
மருந்துச் சீட்டின் முதுகில் எழுதித் தந்தாள்:
ஓட்ஸ் அடை. ஸ்காட்லாந்துக்காரர் நொறுக்கு.
சர்க்கரை கிடையாது, மைதா கிடையாது.
"சந்தோஷமும் கிடையாதா?" என்றேன்.
"வெண்ணெய் ஒரு ஸ்பூன் உண்டு" என்றாள்.

ஞாயிறு. மேகம் ஜன்னல்வரை இறங்கியிருந்தது.
மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று;
ரவையாகவும் இல்லாமல் மாவாகவும் ஆகாமல்
நடுவில் நிற்கிற பிடிவாதம்.
உப்பு. ஆப்பசோடா, நகக்கண் அளவு.
வெண்ணெய் இல்லை, நெய்தான் இருந்தது.
கொதிநீர் ஊற்றியதும் எழுந்தது குதிரை வாசம்:
ஊட்டி ஏரிக்கரையில் நின்றுகொண்டே தூங்கும்
மட்டக்குதிரையின் தீனிப்பை.

கோதுமைக்குச் சொந்தபந்தம் உண்டு, பிடித்தால் பிடித்தது.
ஓட்ஸுக்கு அது இல்லை.
சூட்டோடு அமுக்கி உருட்ட வேண்டும்.
ஆறவிட்டால் ஆளுக்கொரு பக்கம் போய்விடும்,
தீபாவளி முடிந்த மறுநாள் மாதிரி.
ஓரமெல்லாம் டிசம்பர் மாதப் பித்தவெடிப்பு;
விரலை நனைத்து ஒவ்வொன்றாய்ப் பூசினேன்.
வாட்டர் பாட்டிலால் தேய்த்து
நாலாய் வெட்டித் தோசைக்கல்லில் வைத்தேன்.
புரட்டாதே, ஓரம் தானே மேலே சுருளும்
என்றிருந்தது சீட்டில்.
சுருண்டது.
வாட்டிய கொழுந்து சுருள்வதைத் தினம் பார்க்கும் ஊரில்
இது அதிசயமில்லை. ஆனாலும் பெனிட்டாவைக் கூப்பிட்டேன்.
அவள் ஒன்றைக் கடித்து நெடுநேரம் மென்றாள்.
"ஊறுகாய் எடுக்கவா?" என்றாள்.
இருபது வருடத் தாம்பத்யத்தில் இரக்கம் அப்படித்தான் பேசும்.

மிச்சம் பதினொன்றைப் பின்கட்டில் ஆறவிட்டோம்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு போனது.
கரடி.
கோத்தகிரியில் இது செய்தியே இல்லை.
நெய் ஜாடியை வழித்து நக்கியிருந்தது.
எனக்குத் தெரியாமல் அவள் ஒளித்திருந்த
வெல்லத்தையும் கண்டுபிடித்துத் தின்றிருந்தது.
ஓட்ஸ் அடையில் ஒன்றைக் கடித்துத்
துப்பிவிட்டுப் போயிருந்தது.
பத்து அப்படியே.

காலையில் வாட்சர் போஜன் வந்தான்,
டார்ச்சும் பட்டாசுமாக, கரடி போன பிறகு.
கதவை அளந்தான். கால்தடத்தைப் படமெடுத்தான்.
"டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரைக்கா" என்றான்.

வியாழக்கிழமை அவன் கையையும் கட்டியிருந்தேன்.
அவன் எண் எனக்குத் தெரியும்,
அவனுக்கு இன்னும் தெரியாது.
டாக்டர் சொல்ல வேண்டியதை நான் சொல்லக் கூடாது.

சர்க்கரையைக் கரடி கொண்டுபோய்விட்டது என்றேன்.
அலமாரியில் டப்பா பளபளவென்று நின்றது.
பார்த்தான். ஒன்றும் பேசவில்லை.

அடைகள் ராத்திரி ஈரத்தில் தளர்ந்துபோயிருந்தன.
கல்லில் மறுபடி காட்டி, மொறுமொறுப்பு வந்ததும் நீட்டினேன்.
கடித்தான். மென்றான்.
முகம் கரடியின் முகமாகப் போய்த் திரும்பி வந்தது.
அப்புறம் கேட்டான்:
"எத்தனைண்ணே?"

டம்ளர் என் கையில் ஒருதரம் ஆடியது.

"ஒரு நாளைக்கு எத்தனை தின்னலாம்?"
"மூணு" என்றேன்.

மூன்றை எண்ணிக்
காக்கிப் பையில் போட்டுக்கொண்டு
தேயிலைக்குள் இறங்கிப் போனான்.
சர்க்கரை போடாத டீயை
முழுக்கக் குடித்திருந்தான்.